'பரிசோதிக்கப்பட்டது' என்றால் என்ன?

நாய்களின் பற்களுக்கென விற்கப்படும் மெல்லும் துண்டுகள், பொடிகள், குடிநீரில் கலக்கும் திரவங்கள் பலவற்றின் பொதிகளில் 'பரிசோதிக்கப்பட்டது' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. எதனோடு ஒப்பிட்டு, எத்தனை நாட்கள் என்று நாம் கேட்பதில்லை.

அமெரிக்காவில் 1997இல் அமைக்கப்பட்ட மிருக வாய்ச் சுகாதார மன்றம் இதற்கோர் அளவுகோலை வகுத்திருக்கிறது. பற்காரையைக் குறைப்பதாகக் கூறும் பொருளாயின், நாய்களின் பற்கள் முதலில் முற்றாகத் துப்புரவாக்கப்படும். ஒரு குழுவுக்கு வழமையான உணவு மட்டும். மற்றதற்கு அதே உணவோடு அப்பொருளும் கொடுக்கப்படும். குறைந்தது 28 நாட்களின் பின் இரு குழுக்களினதும் பற்களில் படிந்த காரை அளவிடப்படும். இவ்வாறான இரு பரிசோதனைகளிலும் 15 சதவீதமேனும், சராசரியில் 20 சதவீதமேனும் குறைவு காணப்பட்டால்தான் முத்திரை கிடைக்கும்.

ஆனால் மன்றம் தானே பரிசோதிப்பதில்லை. உற்பத்தியாளர் சமர்ப்பிக்கும் தரவுகளையே ஆராய்கிறது. மேலும், 20 சதவீதம் குறைந்தது என்றால் 80 சதவீதம் எஞ்சியிருக்கிறது என்பதே பொருள். பல்லை விழுத்தும் நோயோ முரசுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் வளர்வது.

முத்திரை பயனற்றது என்பதல்ல என் வாதம். ஒப்பீடே இல்லாமல், 'என் நாயின் பல் வெளுத்துவிட்டது' என்று சொல்லும் விளம்பரத்தைவிட அது எவ்வளவோ மேல். எனினும் நாளாந்தம் தூரிகையால் துலக்குவதற்கு அது ஈடாகாது. அதற்கும் நாய்களுக்கான பற்பசையே வேண்டும். நமது பற்பசைகள் சிலவற்றிலுள்ள சைலிட்டோல் நாய்களுக்கு நஞ்சு. பொதியில் எழுத வேண்டிய முதல் எச்சரிக்கை இதுவே.