மலையிறங்கிய மரபுக்கு ஒரு மனை: பேளுக்குறிச்சிப் பண்பாட்டு நிலையம் குறித்து எங்கள் நிலைப்பாடு

கொல்லிமலை மலையாளி மக்களின் பரம்பரைச் செல்வங்களாகிய சொல்லையும் பாட்டையும் விதையையும் வழிபாட்டையும் காப்பதற்கென ஒரு பண்பாட்டு நிலையம் வேண்டுமா, வேண்டுமெனில் அது எங்கே, எவருடைய பொறுப்பில் அமைய வேண்டும் என்னும் கேள்வி, எங்கள் மன்றத்திலும் ஊர்ப் பெரியவர்களிடத்திலும் நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. பேச்சு வளர்ந்ததேயன்றி முடிவு எழுத்தில் ஏறவில்லை. ஆதலால், மலையில் பிறந்து அடிவாரத்தில் குடியேறியவர்களும், அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் ஒருங்கே அங்கம் வகிக்கும் எங்கள் மன்றம், தன் அபிப்பிராயத்தை இவ்வறிக்கையின் வாயிலாகப் பகிரங்கப்படுத்துகிறது. நிலையம் வேண்டும், அது மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில், வாரச் சந்தைக்கு அருகே வேண்டும், அதன் உடைமையோ மலைமக்களிடமே இருக்க வேண்டும்.

மலையாளி என்னும் பெயரைக் கேட்டதும் கேரளத்தாரை நினைத்துக்கொள்வோர் படித்தவர்களுள்ளும் இன்றளவும் இருப்பதால், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுவது அவசியமாகிறது. இவர்கள் பேசுவது தமிழ். அரசின் பட்டியலில் பழங்குடியினர். காஞ்சி மாநகரிலிருந்து புறப்பட்ட பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று சகோதரர்கள் வெவ்வேறு மலைகளில் ஏறிக் குடியமர்ந்தனர் என்றும், சேர்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் இன்று வாழ்வோர் அவர்களுடைய சந்ததியார் என்றும் ஓர் ஐதிகம் வழங்குகிறது. எந்தச் சகோதரர் எந்த மலை ஏறினார் என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபாடு உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய தொகுதிகளில் இக்கதை அச்சேறியது. அச்சில் ஏறிய வடிவமே மூல வடிவம் என்று படித்தவர்கள் மயங்குவதும், பாட்டி சொன்ன வடிவத்தைப் பேரனே பிழையென்று எண்ணி நாணுவதும் அதன் பின்விளைவு. நாங்கள் கேட்கும் நிலையம் இவற்றுள் எது சரியென்று தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வளப்பூர், வாழவந்தி, அரியூர், தின்னனூர், சேலூர், குண்டூர் என்று 14 நாடுகளாகப் பகுக்கப்பட்ட இம்மலையில், 14 நாட்டார் சொல்லும் 14 விதமான கதையும் அவரவர் குரலிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

பழைமைக்கு இம்மலையில் பஞ்சமில்லை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி இம்மலைக்கு உரியவன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பால் துளைத்த அவனுடைய வில்வன்மையை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியும் சங்க நூல்களில் உண்டு. இம்மலையில் கோயில்கொண்ட அறப்பள்ளி ஈசுவரரைத் தேவார ஆசிரியர்கள் நினைவுகூர்ந்தனர். அம்பலவாணக் கவிராயர் அவர்மேல் ஒரு சதகமே பாடினார். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது; ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு விழாவும் நடக்கிறது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் ஓரிக்குப் பின் இம்மலையில் காடு திருத்தி, ஏர் பூட்டி, விதைத்து உண்டு வாழ்ந்தவர்களைப் பற்றி மலைக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டது எவ்வளவு? 1914-இல் இம்மலையில் பிறந்து, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்குச் சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற பால் பிராண்டின் வரலாறும், தள்ளாத வயதிலும் மலையை விட்டு அகலாத அவருடைய தாயார் ஈவ்லின் பிராண்டின் வரலாறும் ஆங்கிலத்தில் நூல்களாக வந்துள்ளன. அவை வந்தது முற்றிலும் தகும். அவர்களுக்குப் பாதை காட்டியவர், சுமை தூக்கியவர், நோயாளியைத் தூளியில் கட்டிக் கொண்டுவந்தவர் ஆகியோரின் வரலாற்றை எழுதத்தான் இடமொன்றும் அமையவில்லை.

மரபு அழிகிறது என்று பொதுப்படச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அது எப்படி அழிகிறது என்பதற்குச் சாமையே போதிய சான்று. வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, திரிகுலச் சாமை, மல்லியச் சாமை என்றும், காரக்கேழ்வரகு, பெருங்கேழ்வரகு, சுருட்டைக் கேழ்வரகு என்றும், தினையிலே செந்தினை, பெருந்தினை என்றும் இம்மலையார் தனித்தனியே பெயரிட்டு, மண்ணையும் மேட்டையும் மழையின் போக்கையும் பார்த்து விதைத்த இனங்கள் பல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சேலத்தில் வேரூன்றிப் பிறகு நாமக்கல், இராசிபுரம், ஆத்தூர் என்று பரவிய ஜவ்வரிசித் தொழில் மரவள்ளிக்கிழங்கை விலைப்பொருளாக்கியது. மேலே வண்டிப் பாதை வந்தது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. சாமையின் உமியோ எளிதில் கழலாதது. பெண்கள் உரலில் மணிக்கணக்காகக் குத்திப் புடைத்தால்தான் ஒருவேளை உணவுக்கு அரிசி தேறும். அந்த உழைப்பிலிருந்து விடுபட விரும்பிய பெண்களைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. உலக்கையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூரிப்பவர்கள் ஒருநாளேனும் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது எங்களுடைய ஆசை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே விதைகளைச் சேகரித்ததோடு நில்லாமல், உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்து, சிறுதானியத்திற்குச் சந்தையும் தேடிய முறையை நாங்கள் மெச்சுவது இதனால்தான். எனினும் விதை வங்கியில் விதை தங்கும். அவ்விதையோடு ஒட்டிய சொல் தங்குமா? எந்தச் சாமையைக் களத்தில் எத்தனை நாள் காயவைப்பது, எதைக் குதிரின் அடியில் இடுவது, எந்தச் சாமிக்கு எந்தக் கதிரை முதலில் படைப்பது, அறுவடையில் எந்தப் பாட்டைப் பாடுவது என்பன விதைக்குள் எழுதப்பட்டவையல்ல. அவற்றை அறிந்தவர் வாயிலிருந்து, அறிய விரும்புவோர் காதிற்குச் செல்ல வேண்டும். வாயும் காதும் ஓரிடத்தில் கூடுவதற்கான இடமே நாங்கள் கேட்கும் நிலையம்.

அவ்விடம் மலைமேல் இருப்பதன்றோ நியாயம், அடிவாரத்தில் ஏன் என்று கேட்கப்படுகிறது, கேள்வி தகுதியானதே. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் பாதையில் ஏறுவோரைப் போலவே இறங்குவோரும் உண்டு. படிப்புக்காகவும், கூலிக்காகவும், கோழிப்பண்ணை வேலைக்காகவும், மணமுடித்தும் இறங்கியவர்களின் பிள்ளைகள் இராசிபுரத்திலும் சேந்தமங்கலத்திலும் நாமக்கல்லிலும் வளர்கிறார்கள். மேலே இருப்பவர்களுக்கு மரபு வீட்டுக்குள் இருக்கிறது, குறைந்தாலும் இருக்கிறது. இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அது வருஷத்திற்கு ஒருமுறை திருவிழாவின்போது பார்க்கும் காட்சியாகிவிட்டது. பேளுக்குறிச்சி வாரச் சந்தையோ மிளகும் சீரகமும் வெந்தயமும் மல்லியும் வாங்க வெளியூரார் தேடிவரும் சந்தை. மலைச்சரக்கு இறங்குவதும் உப்பும் துணியும் இரும்புச் சாமானும் மேலேறுவதுமாக மலைக்கும் சமவெளிக்கும் இடையே இவ்வடிவாரத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கலில் இவ்வூருக்கும் பங்கு உண்டு. ஜனங்கள் வாரந்தோறும் தாமாகவே வந்து கூடுகிற இடத்தை விட்டுவிட்டு, அவர்கள் வரவேண்டுமென்று வேறோர் இடத்தில் கட்டிடம் எழுப்பிக் காத்திருப்பது விவேகமாகாது. சரக்கை இறக்கி வைத்த கையோடு கால் மணி நேரம் உட்கார்ந்து பேசக் கூடிய தொலைவில் நிலையம் இருக்க வேண்டும். கூவைமலைப் பழனியாண்டவர் கோயிலுக்கு வருவோரும் எட்டிப் பார்ப்பார்களானால், அது எங்களுக்கு உபரி லாபம்.

இறங்கிப் போனவர்கள் தங்கள் மரபுக்கு வீடு கட்டிய கதை ஒன்று உலகின் மறுகோடியில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பின்லாந்து நாட்டார் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அவர்களுள் பலர் மிச்சிகன் மாநிலத்து வடகோடியில் செம்புச் சுரங்கங்களிலும் மரவெட்டும் காடுகளிலும் உழைத்தனர். ஹான்காக் என்னும் சிற்றூரில் 1896-இல் அவர்கள் சுவோமி கல்லூரியை நிறுவினர். பின்னர் அதுவே பின்லாந்தியா பல்கலைக்கழகமாயிற்று. 1932-லேயே தங்கள் கடிதங்களையும் சங்கப் பதிவேடுகளையும் பத்திரிகைகளையும் சேர்த்து ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினர். 1990-இல், பழைய கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றைச் செப்பனிட்டுப் பின்னிஷ் அமெரிக்க மரபு நிலையத்தைத் திறந்தனர். புதிய மாளிகைக்காகக் காத்திராமல் இருந்த கட்டிடத்தை எடுத்துக்கொண்ட அவர்களுடைய சிக்கனம் எங்கள் மனத்துக்கு மிகவும் உகந்தது. அங்கே ஜனவரி மாதத்துக் கடுங்குளிரில் ஹெய்க்கின்பைவா என்று ஒரு விழாக் கொண்டாடுகிறார்கள். பழைய நாட்டு நம்பிக்கையிலிருந்து எடுத்து, அமெரிக்க மண்ணில் 1990-களின் இறுதியில் புதிதாக உருக்கொடுத்த விழா அது. தாய்நாட்டில் இவ்வடிவில் இல்லையே, இது போலியன்றோ என்று கேட்பார்க்கு எங்கள் விடை, மரபென்பது பேரப்பிள்ளைகள் விரும்பிக் கொண்டாடும்போதுதான் மரபு என்பதே.

அக்கதையில் எங்களை எச்சரித்த பகுதியும் உண்டு. 2023-இல் அப்பல்கலைக்கழகம் பணமுடையால் மூடப்பட்டது. அதன் நிழலில் இருந்த மரபு நிலையமும் காப்பகமும் பத்திரிகையும் அநாதையாகும் நிலை வந்தது. 1953-இல் தொடங்கப்பட்டு அமெரிக்கா முழுதும் கிளைபரப்பிய பின்லாந்தியா அறநிறுவனம் முன்வந்து அவற்றை ஏற்றுக்கொண்டிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! ஒரு கல்லூரியையோ, ஒரு செல்வரையோ, ஒரு திட்டத்தின் நிதியாண்டையோ நம்பி மரபைக் கட்டிப்போடக் கூடாது என்பதை நாங்கள் இதிலிருந்து கற்றோம். ஆதலால் எங்கள் நிலையம் 14 நாடுகளின் பிரதிநிதிகளும், மலையிறங்கி வாழ்வோரின் பிரதிநிதிகளும், அவர்களுள் பாதிக்குக் குறையாத பெண்களும் கொண்ட ஒரு பொது அறக்கட்டளையின் உடைமையாக இருக்க வேண்டும். எங்களுள் மலைமக்களல்லாத அடிவாரத்தாருக்கு அதில் பணிசெய்யும் பாத்தியதை போதும், வாக்குரிமை வேண்டா. இதை எங்கள் மன்றத்தில் சிலர் விரும்பவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்; இடம் நம்முடையது, உழைப்பு நம்முடையது, அதிகாரம் மட்டும் அவர்களுடையதா என்று கேட்டனர். ஆம் என்பதே பெரும்பான்மையின் விடை. அரசின் நிதியை மறுக்கவில்லை, வேண்டுகிறோம். உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவில் இயங்கும் பழங்குடியினர் ஆய்வு மையம் போன்ற ஸ்தாபனங்களின் பயிற்சியையும் நாடுவோம். நிதி தருவோர் நிர்வாகம் கேட்டால் மட்டும் இணங்குவதற்கில்லை.

பதிவுசெய்வதிலும் வரையறை வேண்டும். பாடியவர் அனுமதியின்றிப் பாட்டை வெளியிடுதல் கூடாது. ஒவ்வோர் ஒலிப்பதிவின் பிரதியும் பாடியவரின் ஊருக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். ஊருக்குள் மட்டும் நிகழும் சடங்குகளைப் படம்பிடிக்கவே கூடாது என்று ஊரார் சொன்னால், அதுவே முடிந்த முடிவு. மூலிகை விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு வழி செய்திருக்கிறது. பச்சிலை பற்றிய அறிவை அம்முறையில் பதியலாமேயன்றி, வருவோர் போவோர் படித்துச் செல்லும் பலகையில் எழுதித் தொங்கவிடுதல் தகாது. ஆகாய கங்கை அருவியைப் பார்க்க வரும் உல்லாசப் பிரயாணிகளுக்காக மலைமக்களுக்கு வேஷமிட்டு நிறுத்தும் ஆட்டக் கொட்டகையாக இந்நிலையம் ஒருபோதும் ஆகக் கூடாது. சேர்வை ஆட்டம் ஆடுவோர் ஆடவேண்டிய நாளில் ஆடுவர். காண விரும்புவோர் அந்நாளில் வரட்டும்.

இன்னொரு நினைவும் எழுகிறது. எலியாஸ் லொண்ரொத் என்னும் வைத்தியர் ஊர் ஊராக நடந்து நாட்டார் பாடல்களைக் கேட்டெழுதி 1835-இல் வெளியிட்ட கலேவலா, பின்லாந்துக்கே முகம் கொடுத்தது. அந்நூலை ஈழத்திலிருந்து அந்நாட்டுக்குச் சென்று குடியேறிய உதயணன், இரா. சிவலிங்கம் என்னும் இயற்பெயருடையவர், தமிழில் முழுமையாகப் பெயர்த்து 1994-இல் வெளிவரச் செய்தார். பனிநாட்டுக் கிழவர்கள் பாடியதைத் தமிழில் படிக்க முடிகிற நமக்கு, கிழக்கே கண்ணுக்கு எதிரே நிற்கும் மலையில் தமிழிலேயே பாடப்படுவது எட்டவில்லை என்பதை எப்படிச் சொல்வது!

நிலையத்திற்கான இடம் பற்றி ஊராட்சியிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் எழுத்துமூலம் விண்ணப்பிக்க இருக்கிறோம். கட்டிடம் வரும்போது வரட்டும். அதற்கிடையில், ஒவ்வொரு சந்தை நாளிலும் மன்றத்தின் திண்ணையில் ஒருவர் ஏடும் எழுதுகோலும் ஒலிப்பதிவுக் கருவியுமாக உட்கார்ந்திருப்பார். மலையிலிருந்து வருவோர் வீட்டிலுள்ள பழம்பொருள்களைத் தூக்கி வரவேண்டா. அவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தங்கள் காட்டுப் பட்டியின் பெயர், பாட்டனார் விதைத்த சாமையின் பெயர், கதிர் அறுக்கையில் தாயார் பாடிய பாட்டில் நினைவிருக்கும் அடிகள், அவ்வளவு சொன்னால் போதும். சொன்னவர் பெயரோடு எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்புவோம்.