மெட்டாலிகாவுக்கு ஒரு கும்பிடு, 1991க்கு முதலிடம் வேற ஆளுக்கு

டிஸ்கி: மெட்டாலிகா ரசிகர்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டுட்டு மேற்கொண்டு படிக்கவும். அப்புறம் சொல்லலையேன்னு சொல்லக் கூடாது.

1991-ம் வருஷத்தோட சிறந்த ஹெவி மெட்டல் ஆல்பங்கள்னு யார் பட்டியல் போட்டாலும் சரி, முதலிடத்துல ஒரு கருப்பு அட்டை உக்காந்திருக்கும். அட்டை ஓரத்துல மங்கலா சுருண்டு கிடக்குற ஒரு பாம்பு. மெட்டாலிகாவோட அஞ்சாவது ஆல்பம், பேரும் 'மெட்டாலிகா'தான், ஊர் கூப்பிடுறது 'பிளாக் ஆல்பம்'னு. பட்டியல் போடுறவர் ரெண்டாம் இடத்துலேர்ந்துதான் யோசிக்கவே ஆரம்பிக்கிறார். முதலிடத்தைத்தான் ஏற்கெனவே பட்டா போட்டுக் கொடுத்தாச்சே! அந்தப் பட்டாவை ரத்து பண்ணணும்னு கேக்குற மனுதான் இந்தப் பதிவு.

ஒண்ணு முதல்லயே தெளிவா சொல்லிடறேன். 'மெட்டாலிகா காசுக்கு விலை போயிட்டாங்க'ன்னு முப்பது வருஷமா ஒப்பாரி வைக்கிற கோஷ்டியில நான் இல்லை. 1990 அக்டோபர்லேர்ந்து 1991 ஜூன் வரைக்கும் லாஸ் ஏஞ்சலஸ்ல உக்காந்து, பாப் ராக்ங்கிற தயாரிப்பாளர்கிட்ட திட்டு வாங்கி, சண்டை போட்டு இழைச்ச ஆல்பம் அது. அந்த டிரம்ஸ் ஓசை மாதிரி வேணும்னு இன்னைக்கும் ஸ்டூடியோவுல கேக்குற ஆளுங்க இருக்காங்க. 'சேட் பட் ட்ரூ' தொடங்கும்போது ஏதோ லாரி ரிவர்ஸ்ல வர்ற மாதிரி நெஞ்சுல ஒரு அழுத்தம் வருமே, அதையும் மறுக்கலை. நல்ல ஆல்பம்தான் சாமி.

ஆனா 'அந்த வருஷத்தோட சிறந்த மெட்டல் ஆல்பம்'னு சொல்ல என்ன காரணம் காட்டுறாங்கன்னு பாருங்க. அமெரிக்காவுல மட்டும் 1 கோடியே 60 லட்சம் பிரதிக்கு மேல வித்துச்சாம். சரி, வித்துச்சு. அதிகமா டவுன்லோட் ஆன ஆப்லதான் உலகத்துலயே சிறந்த கோட் இருக்குன்னு ஆணி புடுங்குற எவனாவது ஒத்துக்குவானா? விற்பனை வேற, வேலைப்பாடு வேற. பாட்டைச் சுருக்கி, வேகத்தைக் குறைச்சு, சேர்ந்து பாடத் தோதா கோரஸ் வெச்சாங்க. திறமையா செஞ்சாங்க. ஆனா அதுல 1991க்கு முன்னாடி இல்லாதது எது? கனமா, மெதுவா வாசிக்கிறதை பிளாக் சப்பாத் 1970லயே செஞ்சு முடிச்சாச்சு.

புதுசு வேணும்னா லாஸ் ஏஞ்சலஸை விட்டுட்டு அமெரிக்காவோட இன்னொரு ஓரத்துக்குப் போகணும். ஃப்ளோரிடா மாநிலம், டாம்பா நகரம். அங்க மோரிஸ் சகோதரர்கள் நடத்தின மோரிசவுண்ட்னு ஒரு ஸ்டூடியோ. அதுல ஸ்காட் பர்ன்ஸ்னு ஒரு ஒலிப்பதிவாளர். (இவர் தொண்ணூறுகள்லயே இசையை விட்டுட்டு கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டார். நம்ம ஆளு!) அந்த ஒரே கட்டடத்துல பதிவாகி 1991ல வெளிவந்ததை மட்டும் எண்ணுங்க: டெத்தோட 'ஹ்யூமன்', ஏதியிஸ்ட்டோட 'அன்க்வெஸ்சனபிள் பிரசென்ஸ்', மார்பிட் ஏஞ்சலோட 'பிளெஸ்ஸட் ஆர் த சிக்', பிரேசில்லேர்ந்து வந்த செபுல்டுராவோட 'அரைஸ்', நியூயார்க்லேர்ந்து வந்த சஃபொகேஷனோட 'எஃபிஜி ஆஃப் த ஃபர்காட்டன்'. ஒரு ஸ்டூடியோ, ஒரே வருஷம்!

இதுல 'ஹ்யூமன்'தான் என் முதலிடம். ஏன்னு சொல்றேன்.

டெத் குழுன்னா சக் ஷுல்டினர்தான். 1987ல வந்த முதல் ஆல்பத்துல பொணம், ரத்தம்னு பேய்ப்பட சமாச்சாரமா எழுதிட்டிருந்த பையன். 1990ல ஐரோப்பா பயணத்துக்கு அவர் வர மறுக்க, கூட இருந்தவங்க அவரை விட்டுட்டே டெத்ங்கிற பேர்ல போய் வாசிச்சுட்டு வந்தாங்க. குழுவே கைவிட்டுப் போன நிலைமை. அடுத்த வருஷம் அவர் சேர்த்த ஆளுங்க யாரு தெரியுமா? மயாமியில சினிக்னு ஒரு குழு வெச்சிருந்த பால் மாஸ்விடல், ஷான் ரைனர்ட். ரெண்டு பேருக்கும் இருபது வயசு, ரெண்டு பேருக்கும் ஜாஸ் பைத்தியம். பாஸ் கிட்டாருக்கு சேடஸ் குழுவோட ஸ்டீவ் டிஜியார்ஜியோ.

முதல் பாட்டுல டிரம்ஸ் தூரத்துலேர்ந்து நெருங்கி வரும். அதுக்கப்புறம் தொடையில தாளம் போட்டுப் பாருங்க. கொஞ்ச நேரத்துல கை தடுமாறும். ரைனர்ட் வேகத்துக்காக அடிக்கலை. காலு ரெண்டும் ஒரு கணக்குல ஓட, கை சிம்பல்ல வேற ஒண்ணு பேசிட்டிருக்கும். டெத் மெட்டல்ல அதுவரைக்கும் டிரம்மரோட வேலை இடிக்கிறது மட்டும்தான்னு இருந்துச்சு. 'லாக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்' தொடக்கத்துல தெளிஞ்ச தண்ணி மாதிரி ஒரு கிட்டார் வரும். 'காஸ்மிக் சீ'ல குரலே கிடையாது. எழுத்தும் மாறிடுச்சு. தீராத நோயாளிக்கு சாகுற உரிமை உண்டாங்கிறது ஒரு பாட்டு, ஒட்டிப் பிறந்த இரட்டையர் பத்தி இன்னொண்ணு. எட்டே பாட்டு, சுமார் 34 நிமிஷம். பிளாக் ஆல்பம் 62 நிமிஷம், ஹிஹி.

ரெண்டாவது ஏதியிஸ்ட். பக்கத்து ஊர் சரசோட்டாக்காரங்க. இந்த ஆல்பத்தை எழுதினவங்கள்ல முக்கியமான ஆள் பாஸ் வாசிச்ச ராஜர் பேட்டர்சன். 1991 பிப்ரவரியில, கச்சேரிப் பயணம் முடிஞ்சு வேன்ல வீட்டுக்குத் திரும்புற வழியில விபத்து. இறந்துட்டார். அவர் அமைச்சு வெச்ச வாசிப்பை டோனி சாய்னு இன்னொருத்தர் எடுத்துப் பதிவு பண்ணினார். பேட்டர்சனே வாசிச்ச முன்பதிவுகள் 2005 மறுவெளியீட்டுலதான் பரவலா கிடைச்சுது. கேட்டுப் பாருங்க. கிட்டாருக்கு முட்டுக் கொடுக்கத்தான் பாஸுன்னு ஒரு எண்ணம் இருந்தா அங்கேயே உடையும்.

இனி வழக்கமா வர்ற கேள்விகள். 'ஒரே கத்தல், வார்த்தை புரியலை.' ஆலாபனையில மட்டும் என்ன வார்த்தை புரிஞ்சு தலையாட்டுறோம்? அந்த உறுமலும் ஒரு வாத்தியம். நாலு தடவை கேட்டா காது பழகிடும்.

'பிளாக் ஆல்பம் இல்லேன்னா நீயே மெட்டல் பக்கம் வந்திருக்க மாட்டே.' வாஸ்தவம். காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு சீனியரோட ஹார்ட் டிஸ்க்ல 'என்டர் சாண்ட்மேன்' கேட்டுத்தான் உள்ள வந்தேன். ஏணிக்கு நன்றி சொல்லலாம், ஏணியையே மொட்டைமாடின்னு சொல்லணுமா?

'அந்த ஆல்பம் வரலேன்னா மெட்டலே செத்திருக்கும், நிர்வானா வந்து முடிச்சிருப்பாங்க.' இதுதான் ரொம்ப எரிச்சல். 1991 செப்டம்பர்ல 'நெவர்மைண்ட்' வந்து காலி பண்ணினது தலைமுடிக்கு ஸ்ப்ரே அடிச்ச கும்பலை. டாம்பாவுல ஒருத்தரும் கடையைச் சாத்தலை. ஸ்டாக்ஹோம்ல என்டூம்ட், டிஸ்மெம்பர், இங்கிலாந்துல பாரடைஸ் லாஸ்ட்டோட 'காதிக்'. எல்லாம் அதே வருஷம்தான். பிளாக் ஆல்பத்தைப் பார்த்து மெகாடெத்தும் டெஸ்டமென்டும் 1992ல வேகத்தைக் குறைச்சாங்க. 'ஹ்யூமன்' போட்ட பாதையில 1993ல சினிக்கோட 'ஃபோகஸ்' வந்துச்சு. எது எதுக்கு உயிர் கொடுத்துச்சுன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

இவ்வளவு மல்லுக்கட்ட ஒரு காரணம் இருக்கு. ஷுல்டினருக்கு 1999ல மூளைத்தண்டுல கட்டி. வைத்தியச் செலவுக்கு ரசிகர்களும் மத்த குழுக்களும் கச்சேரி நடத்தி நிதி திரட்ட வேண்டியிருந்துச்சு. 2001 டிசம்பர்ல 34 வயசுல போயிட்டார். ரைனர்ட் 2020ல. வித்த கணக்கை வெச்சே பட்டியல் போட்டா இவங்களுக்கு வாழும்போது பணமும் கிடையாது, போனப்புறம் பேரும் கிடையாது.

என் வரிசை: ஹ்யூமன், அன்க்வெஸ்சனபிள் பிரசென்ஸ், அரைஸ், எஃபிஜி, காதிக். ஆறாவது பிளாக் ஆல்பம்.

பி.கு: டார்க் ஏஞ்சலோட 'டைம் டஸ் நாட் ஹீல்' எங்கேன்னு ஒருத்தராவது கேப்பீங்க. 9 பாட்டு, 67 நிமிஷம், 246 ரிஃப்னு அட்டையில ஸ்டிக்கரே ஒட்டி வித்தாங்க. நான் எண்ண ஆரம்பிச்சேன், மூணாவது பாட்டுல தூங்கிட்டேன்.