இரண்டு 'டின்'னும் ஒரு புள்ளியும்

கடந்த ஆண்டு வெளிவந்த எமது கல்லூரி மலரின் 37ஆம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. இதுவரை ஒருவரும் அதை எங்களிடம் சுட்டிக்காட்டவில்லை. பார்வைக்குப் பிழையாகத் தெரியாமல் மிகச் சுத்தமாக அச்சாகியிருப்பதுதான் அதற்குக் காரணம்.

உயர்தரத்தில் அரபு மொழி படிக்கும் மாணவி ஒருத்தி அரபுச் சொற்களின் உச்சரிப்புப் பற்றி ஒரு கட்டுரை தந்திருந்தாள். அரபியில் மெல்லிய 'தா' ஒன்றும் கனத்த 'தா' ஒன்றும் உண்டு. மெல்லியதைக் கொண்டு எழுதினால் 'தீன்' என்பது அத்திப்பழம். குர்ஆனின் 95ஆவது அத்தியாயத்தின் பெயரும் அதுவே. கனத்ததைக் கொண்டு எழுதினால் அது களிமண், மனிதன் எதிலிருந்து படைக்கப்பட்டான் என்று நாம் ஓதுகிறோமோ அந்தக் களிமண். தமிழில் எழுதும்போது இரண்டும் 'தீன்'தான். போதாதற்கு மார்க்கத்தைக் குறிக்கும் 'தீன்' வேறு இருக்கிறது. மூன்று சொற்களுக்கும் ஒரே உடுப்பு.

ஆகவே ஆய்வு நூல்களில் செய்வதைப் போல அவள் அச்சொற்களை உரோம எழுத்தில் எழுதிக் காட்டியிருந்தாள். களிமண்ணுக்கு உரிய சொல்லில் 'டீ' என்ற ஆங்கில எழுத்தின் கீழே ஒரு புள்ளி இருந்தது. இரண்டு சொற்களிலும் 'ஐ' எழுத்தின் தலையில், நெடில் என்பதைக் காட்ட ஒரு சிறு கோடு இருந்தது. "இவை இரண்டும் வேறு வேறு சொற்கள்" என்று வாக்கியம் முடிந்தது.

அச்சகத்திலிருந்து முதற் புரூப் வந்தது. ஒரு சொல்லில் இரண்டு கேள்விக்குறிகள், மற்றதில் ஒன்று. நான் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு அனுப்பினேன். அங்கே கணினியில் இருக்கும் நானா தொலைபேசியில் சொன்னார்: "மகள், இந்த மெஷின்ல அந்தப் புள்ளியெல்லாம் வராது. நான் வடிவாச் செஞ்சு தாறன்."

வடிவாகத்தான் செய்து தந்தார். கேள்விக்குறிகள் போய், மலர் அச்சாகி வந்தபோது இரண்டு சொற்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. "டின்னும் டின்னும் வேறு வேறு சொற்கள்" என்று எங்கள் மலர் உலகுக்கு அறிவித்தது. வீட்டில் வாப்பா அதை வாசித்துவிட்டு, "ஒன்று டின்மீன், மற்றது டின்பால் போல" என்று சிரித்தார். கட்டுரை எழுதியவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவுமில்லை. அது நியாயமே, பொறுப்பாசிரியையிடம் கேட்காமல் தொலைபேசியிலேயே "சரி நானா" என்று சொன்னவள் நான்.

அந்தப் புள்ளி ஏன் வராது என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். நானா பொய் சொல்லவில்லை. எங்கள் மலர் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில், பாமினி என்ற எழுத்துருவில் கோக்கப்படுகிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அத்தோடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. அக்கால எழுத்துரு என்பது 256 அறைகள் கொண்ட ஒரு பெட்டி. ஓர் அறைக்கு ஓர் எழுத்துத்தான். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு என்று செய்த பெட்டியில் பிரெஞ்சுக்காரரின் சாய்கோடும் ஜெர்மானியரின் இரட்டைப் புள்ளியும் இடம் பிடித்தன. கீழ்ப்புள்ளி இட்ட 'டீ'க்கும் மேற்கோடு இட்ட 'ஐ'க்கும் அறை கிடைக்கவில்லை. அறை இல்லாத எழுத்து வந்தால் மென்பொருள் கேள்விக்குறியைப் போட்டுவிடும்.

பாமினி செய்ததோ இன்னும் துணிச்சலான வேலை. ஆங்கில எழுத்துகளை அவற்றின் அறைகளிலிருந்து வெளியேற்றிவிட்டு அங்கே தமிழைக் குடியமர்த்தியது. திரையில் நாம் 'வணக்கம்' என்று காண்பது கணினிக்குள் டீ, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்றே இருக்கிறது. எழுத்துருவை மாற்றினால் தமிழ் மறைந்து அந்தக் குப்பை தெரியும். எங்கள் கல்லூரியின் பழைய மலர்களின் கோப்புகள் எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன. அவற்றில் உள்ள கவிதைகளையோ பெயர்களையோ கணினியில் தேடி எடுக்க முடியாது. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை.

இதை வாசிக்கும்போது, கணினியின் ஆரம்ப காலத்தில் வேறு வழி இல்லை போலும் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிக்கனைப் பாருங்கள். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் அருகில் உரோம எழுத்தில் உச்சரிப்பு இருக்கிறது; ளகரத்துக்குக் கீழ்ப்புள்ளி, நெடிலுக்கு மேற்கோடு, எல்லாம் ஒழுங்காக உண்டு. ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோத்த காலம் அது. தேவையான எழுத்தை வார்த்து எடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்கும் முன்னர் எமது மூதாதையர் அரபுத் தமிழில் எழுதியபோது, அரபியில் இல்லாத ட, ண, ள போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளுக்கே புதிய புள்ளிகளை இட்டுக்கொண்டார்கள். அந்நூல்களிற் பல கல்லச்சில் வந்தவை. பேனை எந்தப் புள்ளியை இட்டதோ அந்தப் புள்ளி கல்லிலும் ஏறியது. ஆக, நூறு வருடங்களுக்கு முன் கைவசம் இருந்த ஒன்றைத்தான் மேசைக் கணினி வந்ததும் நாம் தொலைத்திருக்கிறோம்.

(இதே இடத்தில் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட கதையின் பெயர் 'அசன்பேயுடைய கதை'. ஹஸன் அங்கே அசன் ஆகியிருக்கிறார். அது அச்சகத்தின் குறையல்ல. அன்று நம்மவர் பெயர்களைத் தமிழில் அப்படியே எழுதினார்கள். எல்லாப் பழியையும் இயந்திரத்தின் தலையில் போட நான் வரவில்லை.)

நான் தேடியவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் கனூத்தின் கதை. தனது கணினி நிரலாக்க நூலின் புதிய பதிப்புக்கு வந்த புரூப் அலங்கோலமாக இருக்கக் கண்டு, 1977இல் அவர் தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் டெக். அவருடைய எழுத்துருவில் 128 அறைகளே இருந்தன. ஆனாலும் புள்ளி, கோடு, சாய்கோடு ஆகியவற்றைத் தனித் துண்டுகளாக வைத்து, எந்த எழுத்தின் மேலும் கீழும் ஒட்டலாம் என்று ஒரு வழி செய்திருந்தார். எங்கள் மாணவியின் இரண்டு சொற்களும் அதில் அழகாக வந்திருக்கும்.

ஒட்டு வேலையில் ஒரு குறை இருந்தது. வரி முடியும் இடத்தில் நீண்ட சொல்லை எங்கே உடைப்பது என்று டெக் தானாகவே கண்டுபிடிக்கும். ஒட்டுக்குறி உள்ள சொல்லை மட்டும் அதனால் முழுமையான சொல்லாகப் பார்க்க முடியவில்லை. குறி வந்த இடத்துக்குப் பிறகு உடைக்கத் தெரியாமல் நின்றுவிடும். ஆங்கிலத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஜெர்மன், பிரெஞ்சு, போலிஷ் மொழிகளில் நூல் செய்தவர்களுக்கோ வரிக்கு வரி தலைவலி. கனூத் தமது வேலை முடிந்துவிட்டது என்றே எண்ணியிருந்தார். 1989இல் பாவனையாளர் கூடிய இடத்தில் ஐரோப்பியர்கள் தம் மொழிகளின் கஷ்டத்தை எடுத்துச் சொன்னார்கள். அவர் முடித்து வைத்ததைத் திரும்பத் திறந்தார். 1990இல் வந்த புதிய பதிப்பு 256 அறைகளையும் பல மொழிகளின் சொல்லுடைப்பு விதிகளையும் ஏற்றது. அதே ஆண்டு அயர்லாந்தின் கோர்க் நகரில் கூடியவர்கள் அந்த 256 அறைகளில் யார் யாருக்கு இடம் என்று ஒரு பட்டியலைச் செய்தார்கள். அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. நான் தொலைபேசியில் "சரி நானா" என்றேன்.

இன்று அறைப் பஞ்சம் இல்லை. 1991இல் வந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. கீழ்ப்புள்ளி இட்ட 'டீ'க்கும் அதில் தனி எண் இருக்கிறது. ஜென்டியம் என்ற இலவச எழுத்துருவில் இந்தக் குறிகள் எல்லாம் உண்டு. தமிழ் யூனிகோடை ஏற்கும் இன்டிசைன் போன்ற மென்பொருள்களும் வந்துவிட்டன. அச்சகத்தார் சொல்லும் நியாயமும் எனக்கு விளங்குகிறது. புதிய மென்பொருளுக்குப் பணம் வேண்டும். இருபது வருடம் பாமினியில் பழகிய விரல்களைப் புதிய விசைகளுக்குப் பழக்குவது லேசல்ல. ஆனால் இரண்டாவதற்கு வழி இருக்கிறது. பாமினி விசைகளையே தட்டி யூனிகோடில் எழுதும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. விரலுக்கு எந்த மாற்றமும் தெரியாது.

பழைய மலர்களை யூனிகோடுக்கு மாற்றுவதும் முடியாத காரியமல்ல. மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று எண்ணி அவை விசித்திரமாக மாற்றிவிடும் என்பதால், மனிதர் ஒருவர் ஒப்பிட்டு வாசிக்கத்தான் வேண்டும். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் அக்காமார் ஆளுக்கு ஒரு மலரை எடுத்தால் போதும். கணினி பாவிக்கத் தெரிந்த உம்மாமாரும் சேரலாம்.

எனது பெரிய முறைப்பாடு கேள்விக்குறியைப் பற்றியது அல்ல. கேள்விக்குறி நேர்மையானது. "இங்கே ஏதோ ஒன்று இருந்தது, எனக்குத் தெரியவில்லை" என்று அது சொல்கிறது. அதைத் துடைத்துவிட்டு வடிவாக்கியதுதான் ஆபத்து. வாசிப்பவருக்கு அதற்குப் பிறகு சந்தேகமே வராது. புள்ளி வராவிட்டால் "களிமண் என்னும் பொருளுடையது" என்று பக்கத்தில் எழுதியிருக்கலாம். வெறும் இடம் விட்டுக் கையால் இட்டிருக்கலாம். அந்த வரியையே மாற்றித் தரும்படி எழுதியவளிடம் கேட்டிருக்கலாம். மூன்றில் ஒன்றையும் நான் செய்யவில்லை.

இந்தக் கட்டுரையில் ஓர் உரோம எழுத்துக்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இதுவும் அதே அச்சகத்துக்குத்தான் போகிறது.

கல்லூரி நூலகத்தில் உள்ள பிரதிகளை நாங்கள் மூவர் உட்கார்ந்து மெல்லிய பேனையால் திருத்திவிட்டோம். வீடுகளுக்குப் போன பிரதிகள்தான் மிச்சம். கடந்த ஆண்டு மலர் உங்களிடம் இருந்தால் 37ஆம் பக்கத்தை எடுங்கள். மேலிருந்து ஒன்பதாவது வரி. முதலில் வரும் சொல்லின் முதலெழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வையுங்கள். பிறகு இரண்டு சொற்களிலும் நடு எழுத்தின் மேல் ஒரு சிறு கோடு. கறுப்புப் பேனையென்றால் நல்லது.