ஒரு மலை, இரண்டு ஊர்கள்

கோடை விடுமுறை வந்ததும் நம்மவரில் பலர் குழந்தைகளோடு திருநெல்வேலிக்கு இரயில் ஏறுகின்றனர். இருப்புப்பாதையோ மலையைச் சுற்றிக்கொண்டு நாகர்கோயில் வழியே செல்கிறது. அதனால் சொந்த ஊர் எங்கோ நெடுந்தொலைவில் இருப்பதாகவே இங்குப் பிறந்த பிள்ளைகள் எண்ணுகின்றனர். இடையில் நிற்பது ஒரே மலைத்தொடர்தான் என்பதை அவர்களுக்குக் காட்ட ஒரு நாள் போதும். அந்நாளைப் பொன்முடிக்கு ஒதுக்குங்கள்.

பொன்முடி நம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரா கடந்தால் கல்லாறு. அதன்பின் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுமுன் கல்லாற்றில் இறங்கி, மீன்முட்டி அருவிக்குச் செல்லும் காட்டுப் பாதையில் வழிகாட்டியுடன் நடத்தல் நன்று. நண்பகலிலும் வெயில் தரையைத் தொடாத மழைக்காடு அது. பேச்சைக் குறைத்து நடப்போர்க்குக் கருமந்தியும் மலையணிலும் தென்படக்கூடும். மலை உச்சியிலோ காடு மறைந்து புல்வெளி விரியும். அருகிலுள்ள வரையாட்டுமொட்டை, தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு வாழும் குன்றாகும். வனத்துறையின் இசைவின்றி அங்கே செல்லலாகாது.

வழிகாட்டியைக் கூலியாள் என்று எண்ணிவிட வேண்டா. 1987-இல் இம்மலைகளில் ஆராய்ச்சியாளர் சிலர் களைத்து நடந்தபோது, வழிகாட்டிய காணிக்காரர்கள் சிறு பழங்களை மென்றபடி களைப்பின்றி நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, உரிமைத் தொகையில் பாதியைக் காணிக்காரருக்கு வழங்கியது. ஏட்டுக் கல்வி இல்லாதாரிடமும் அறிவு உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மேலே நின்று தென்கிழக்கே நோக்குங்கள். அத்திசையில்தான் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலை நிற்கிறது. அதுவே நம் பொதிகை. அம்மலைப் பகுதியின் மேற்கே பிறக்கும் கரமனையாற்று நீர், அருவிக்கரை வழியாக நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. கிழக்கே பிறக்கும் தாமிரபரணி, பாபநாசம் வழியாக நம் உறவினர் வயலுக்கும் வீட்டிற்கும் செல்கிறது. இங்கு நாம் பருகுவதும் அங்கு அவர்கள் பருகுவதும் ஒரு காடு சேர்த்து வைத்த நீரே. அக்காடு அழியின் இரண்டு ஊர்களும் வாடும். 2001-இல் இம்மலைப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதன் பொருளை வேறு எவரினும் நாமே நன்கு உணர வேண்டியவர்கள்.

புறப்படுமுன் பாதை திறந்துள்ளதா என வனத்துறையிடம் கேட்டறிக. மலைமேல் மழை பெய்தால் ஆறு நொடியில் பெருகும். வழிகாட்டி விலக்கிய இடத்தில் நீராடாதீர். அட்டைக் கடிக்குச் சிறிது உப்பு எடுத்துச் செல்க. கொண்டுசென்ற பைகளையும் புட்டிகளையும் தவறாது திருப்பிக் கொணர்க. அவற்றை எறிவது நம் குடிநீரின் தலைமாட்டிலன்றோ!