வேருக்குள் வாழும் துணை



பூஞ்சை என்றால் என்னவென்று மாணவர்களைக் கேளுங்கள். ரொட்டியைக் கெடுப்பது, தோல்நோய் தருவது என்பார்கள். ஓரிருவர் தெம்பேயையும் தாப்பாயையும் சொல்லக்கூடும். செடியை வாழவைப்பது என்று சொல்வோர் அரியர். இக்குறையை நாம் களைய வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு நல்லதொரு சான்று வட அமெரிக்கப் புல்வெளிகளில் உள்ளது.

அங்கே 'வெஸ்டர்ன் பிரெய்ரி ஃப்ரிஞ்டு ஆர்க்கிட்' எனும் காட்டுச்செடி வளர்கிறது. அதன் வெண்மலர்களின் இதழோரம் குஞ்சம்போல் பிரிந்திருக்கும். உயரப் புல்வெளிகளில் பெரும்பகுதி உழப்பட்டு விளைநிலங்களாகிவிட்டதால், 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதனை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.

ஆர்க்கிட் விதை தூசு போன்றது. நெல்லிலும் அவரையிலும் முளைக்கென உணவு சேமிக்கப்பட்டிருக்கும். இதில் அது இல்லை. மண்ணில் வாழும் ஏற்ற பூஞ்சை விதைக்குள் நுழைந்து, உயிரணுக்களில் நூற்சுருள்போல் படர்கிறது. அச்சுருள்களைச் செரித்தே முளை வளர்கிறது. பச்சை இலை விடும்வரை மண்ணுக்கடியில் அதற்கு வேறு உணவு இல்லை. வளர்ந்த பின்னரும் வேர்களில் இவ்வுறவு தொடர்கிறது. ஆர்க்கிட் முளைக்கப் பூஞ்சை தேவை என்பதை 1899-இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்.

"ஆய்வகக் குடுவைகளில் ஆர்க்கிட் வளர்க்கிறார்களே!" என நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பூஞ்சையின்றிச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதையை முளைக்கவைக்கும் முறையை 1922-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் வெளியிட்டார். நம் பூக்கடைகளை நிறைக்கும் ஆர்க்கிட் தொழில் அம்முறையால் பெரிதும் வளர்ந்தது. ஆயினும், புல்வெளியில் விழும் விதைக்குச் சர்க்கரை ஊட்டுவார் எவருமில்லை. குடுவையில் செடிகளைப் பெருக்கிவிட்டால் இனம் பிழைத்துவிடும் என எண்ணுவது தவறு. அச்செடி உதிர்க்கும் விதையும் முளைத்தால்தானே இனம் நிலைக்கும்?

ஆகவே, மலரை மட்டும் வேலியிட்டுக் காப்பது போதாது. பூஞ்சை வாழும் மண்ணையும் காக்க வேண்டும். காட்டு ஆர்க்கிட்டைத் தோண்டி எடுத்து வீட்டுத் தோட்டத்தில் நடுவதும் அதனைக் காப்பதாகாது.

பாடத்தில் பூஞ்சை வரும் நாளில், நோயோடும் உணவோடும் நிறுத்திவிடாமல், இந்த வேர்த்துணையையும் சேர்த்துக் கற்பிப்போம். கண்ணுக்குத் தெரியாததையும் மதிக்கக் கற்ற பிள்ளையே நாளை காட்டையும் புல்வெளியையும் காப்பான்.