வள்ளியம்மைக்கு நாம் பட்ட கடன்

தியாகிகளின் நினைவைக் கொண்டாடுவதில் தமிழ்நாடு ஒருபோதும் பின்வாங்கியதில்லை. தில்லையாடியில் வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. 2008-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டனர். இவை யாவும் செய்யத் தக்கவையே. ஆயினும், அந்தச் சிறுமி எக்காரியத்தின் பொருட்டு உயிர் துறந்தார் என்று நம் வாலிபர்களை வினவினால் எத்தனை பேர் விடை பகர்வர்? உருவத்துக்கு மாலை சூட்டிவிட்டு, உயிர் கொடுத்த கொள்கையை மறப்பது பக்தியாகாது.

1860-ம் வருஷம் நவம்பர் 16ந் தேதி, சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரையில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்டனர். அவர்களில் பெரும் பகுதியினர் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர். முதல் வருஷத்தில் அவர்களுக்கு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஐந்து வருஷம் உழைத்தபின் சுதந்திர மனிதராய் அங்கேயே வாழ விரும்பியவர், வருஷந்தோறும் 3 பவுன், அதாவது 60 ஷில்லிங், தலைவரி செலுத்த வேண்டுமென்று 1895-ல் சட்டம் செய்தார்கள். முதல் வருஷத்துக் கூலியைக் கொண்டு பார்த்தால் இது ஆறு மாதச் சம்பளம்! பெண்டிரும் இதற்குத் தப்பவில்லை. பின்னர் 16 வயது ஆண் மக்களையும் 13 வயதுப் பெண் மக்களையும்கூட இது பற்றிக்கொண்டது. பொக்கிஷத்தை நிரப்புவதன்று இதன் நோக்கம். 'மறுபடியும் அடிமையாகு; இன்றேல் ஊருக்குத் திரும்பு' என்பதே இவ்வரியின் பொருள்.

இங்கே நம் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வள்ளியம்மை ஒப்பந்தக் கூலியல்லர். 1898-ல் ஜோகானஸ்பர்க்கில் ஒரு சிறு வியாபாரியின் மகளாய்ப் பிறந்தவர். அவர் வாழ்ந்த டிரான்ஸ்வாலில் அந்த 3 பவுன் வரி கிடையாது. கரும்புத் தோட்டத்துச் சவுக்கடி அவர் முதுகில் விழுந்ததில்லை. அப்படியிருக்க, அச்சிறுமியை அறப்போரில் புகுத்தியது எது?

அவர் வளர்ந்த காலமே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று என்பது நமது அபிப்பிராயம். அவருக்கு ஒன்பது வயதாகும்போது டிரான்ஸ்வாலில் சத்தியாக்கிரகம் நிகழ்ந்துகொண்டிருந்தது. தமிழர் பலர் திரும்பத் திரும்பச் சிறை புகுந்தனர். அவருக்குப் பதினொரு வயதாகும்போது, 1909 ஜூலையில், சுவாமி நாகப்பன் என்னும் 18 வயது வாலிபர், குளிர் காலத்தில் கடுங்காவல் அனுபவித்து வெளிவந்த சில நாட்களில் உயிர் நீத்தார். இவற்றின் நடுவே வளர்ந்த குழந்தைக்கு, பிறர் துன்பம் தன் துன்பமே என்பதை ஏட்டில் படித்தறிய வேண்டிய அவசியமில்லை.

1913 மார்ச்சில், கிறிஸ்தவ முறைப்படி நடவாத இந்தியர் விவாகங்கள் செல்லா என்ற கருத்துப்படக் கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய்மாரின் மானத்துக்கு வந்த பங்கமும் கூலிகளின் வயிற்றிலடித்த வரியும் ஒன்றுசேர்ந்தன. அக்டோபரில் டிரான்ஸ்வால் ஸ்திரீகள் எல்லை கடந்து நியூகாஸில் சுரங்கங்களுக்குச் சென்று, தொழிலாளரிடம் நியாயத்தை எடுத்துரைத்தனர். வேலை நிறுத்தம் காட்டுத் தீயெனப் பரவியது. அம்மாத இறுதியில் வள்ளியம்மையும் தம் தாயாருடன் நேட்டால் சென்று, வேலை நிறுத்தம் நடந்த இடங்களில் பணி புரிந்தார். டிசம்பரில் இருவருக்கும் மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையில் அவரை நோய் பற்றியது. முன்னதாகவே விடுதலை செய்வதாக அதிகாரிகள் கூறியும் அவர் இணங்கவில்லை. எலும்பும் தோலுமாய் வெளிவந்த அவரைக் காந்தியடிகள் கண்டு, சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று கேட்டபோது, மீண்டும் செல்லச் சித்தமாயிருப்பதாகவே தெரிவித்தார். 1914 பிப்ரவரி 22ந் தேதி அவர் ஆவி பிரிந்தது. அதே வருஷத்தில் வரி ஒழிந்தது. விவாகங்களும் அங்கீகாரம் பெற்றன.

இன்று ஒப்பந்தக் கூலி முறை இல்லை. ஆனால் கூலிக்காகக் கடல் கடக்கும் ஏழை இருக்கிறான். அயல் நாட்டு முதலாளியிடம் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, பேசிய சம்பளம் கிடையாமல் தவிக்கும் தமிழரின் கதை நமக்குப் புதிதன்று. புலம் பெயர்ந்த தொழிலாளர் உரிமைகளுக்கென 1990-ல் ஐக்கிய நாடுகள் சபை ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியது. இந்தியா இதுவரை அதில் சேரவில்லை. வள்ளியம்மைக்குத் தபால் தலை வெளியிட்ட சர்க்காருக்கு இது அழகாகுமா?

சர்க்காரை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க முடியாது. பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்த பல்லாயிரவர் திருப்பூரிலும் சென்னையிலும் உழைக்கின்றனர். 2020-ல் ஊரடங்கின்போது இத்தகையோர் மூட்டை முடிச்சுடன் நூற்றுக்கணக்கான மைல் நடந்த காட்சியை நாடே கண்டது. 'இவர்கள் குறைந்த கூலிக்கு உழைத்து நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்' என்று நம்மில் சிலர் கூறுகின்றனர். நேட்டால் வெள்ளையர் நம் முன்னோரைப் பற்றிக் கூறியதும் இதுவேயன்றோ? குறைந்த கூலி கொடுப்பவன் முதலாளி; பெறுபவன்மேல் பாய்வது எவ்வகை நியாயம்? வந்தவனுக்கும் இருப்பவனுக்கும் சமமான கூலி வேண்டுமென்று இருவரும் சேர்ந்து கேட்பதே இருவருக்கும் க்ஷேமம்.

வாலிபர்கள் படிக்கட்டும், பொது விவகாரம் பிறகு ஆகட்டும் என்பார் உளர். எல்லாரும் சிறை புக வேண்டுமென்று நாம் கூறவில்லை. தம் ஊரில் அயலூர்த் தொழிலாளர் தங்கும் கொட்டகையை ஒரு நாள் சென்று பார்க்கட்டும். கூலிக் கணக்கை எழுதிக் கொடுக்கட்டும். அவர்தம் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கத் துணை நிற்கட்டும். தன்மீது விழாத வரிக்காக 15 வயதில் சிறை புகுந்தவருக்கு நாம் பட்ட கடனில், இவ்வளவேனும் செலுத்தத் தமிழ் வாலிபர் முன்வருவார்களாக!