திறமை இருந்தா வந்துடுவான் என்னும் வசதியான பொய்

"திறமை இருந்தா எப்படியும் மேல வந்துடுவான்." தமிழ்நாட்டில் விளையாட்டைப் பற்றிச் சொல்லப்படும் பொய்களில் இதைவிட வசதியானது வேறு கிடையாது. சொல்பவருக்குப் பைசா செலவில்லை. கேட்கும் பையனுக்கு மறுத்துப் பேச வழியில்லை. மேலே வந்துவிட்டால் திறமை இருந்தது, வரவில்லையென்றால் இல்லை. கணக்கு முடிந்தது. பி.டி. சார், கவுன்சிலர், அதிகாரி, நிருபர் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒரு குறிப்பிட்ட கேள்வியை எடுத்துக்கொள்வோம். குடியாத்தத்தில் ஹாக்கி ஆடும் பதினாறு வயதுப் பையன் ஒருவன். ஃபார்வர்டு. நல்ல வேகம், கோல் போடும் கண் இருக்கிறது, ஸ்கூல் மேட்ச், மாவட்ட மேட்ச் எல்லாவற்றிலும் அவன்தான் ஹீரோ. இவனால் ஹாக்கி இந்தியா லீக் வரை போக முடியுமா?

என் பதில்: இன்றைக்கு இருக்கிற ஏற்பாட்டில் கிட்டத்தட்ட முடியாது. அவன் எவ்வளவு நல்லா ஆடினாலும். காரணத்தை அவன் காலிலும் கையிலும் தேடுகிறவர்கள் எல்லாரும் தப்பான இடத்தில் தேடுகிறார்கள்.

எத்தனை நாற்காலி?

முதலில் மேலே எத்தனை இடம் இருக்கிறது என்று பார்ப்போம். 2017க்குப் பிறகு நின்றுபோன லீக், 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. ஆண்கள் பிரிவில் 8 அணிகள். ஓர் அணிக்கு 24 பேர். அதில் 8 பேர் வெளிநாட்டுக்காரர்கள், மிச்சம் 16 பேர் இந்தியர்கள், அந்த 16க்குள் 4 பேராவது ஜூனியராக இருக்க வேண்டும். ஆக நாடு முழுவதற்கும் 128 இடம். கோல்கீப்பர், டிஃபென்ஸ், மிட்ஃபீல்டு எல்லாம் கழித்து மூன்றில் ஒரு பங்கு ஃபார்வர்டுக்கு என்று தாராளமாக வைத்தாலும் நாற்பது சொச்சம். அதிலும் இந்திய சீனியர் அணிக்காரர்கள் முதலில் உட்கார்ந்துவிடுவார்கள். ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். அதே ஏலத்தில் ஆரம்ப விலை 2 லட்சத்தோடு நின்றவர்களும் இருந்தார்கள்.

பெண்ணாக இருந்தால் கணக்கு இன்னும் சுருங்கும். அந்த முதல் சீசனில் பெண்களுக்கு 4 அணிகள்தான். தமிழ்நாட்டு அணி ஒன்றுகூட இல்லை.

ஆண்களில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஓர் அணி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அந்த சீசன் ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் நடந்தது. பேரில் தமிழ்நாடு, ஆட்டம் ரூர்கேலாவில். நம்ம ஊர்ப் பையன் தன் மாநில அணியை டிவியில்தான் பார்த்தான்.

சரி, இடம் குறைவு. எந்த விளையாட்டிலும் உச்சியில் இடம் குறைவுதான். என் சண்டை அதோடு இல்லை. அந்த நாற்பது இடத்துக்கு யார் வரிசையில் நிற்கவே முடிகிறது என்பதோடுதான்.

மண்ணும் புல்லும்

1975இல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. இயற்கைப் புல். 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக். முதல்முறையாகச் செயற்கைப் புல். இந்தியா ஏழாவது இடம். ஒரே வருஷத்தில் ஒரு தேசத்தின் திறமை எங்கே போனது? எல்லாப் பழியையும் புல் மேல் போட்டுவிட முடியாது, சரி. ஆனால் தரை மாறினால் ஆட்டம் மாறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. உலகச் சாம்பியனுக்கே அந்தக் கதி என்றால், மண்ணில் வளர்ந்த பையனை டர்ஃபில் இறக்கி, இரண்டு நாள் செலக்‌ஷனில் 'பத்தல' என்று எழுதி அனுப்புவதை என்னவென்று சொல்வது?

மண்ணில் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பந்து துள்ளும். எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஃபார்வர்டு நின்று, குனிந்து, பந்தை அடக்கிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பான். டர்ஃபில் அப்படி நிற்கிறவன் செத்தான். அங்கே பந்து வழுக்கிக்கொண்டு வரும். ஓடிக்கொண்டே வாங்க வேண்டும், வாங்கும்போதே திரும்ப வேண்டும். ரிவர்ஸ் ஸ்டிக்கில் தரையோடு படுத்து அடிப்பது, போஸ்ட்டுக்குப் பக்கத்தில் பாய்ந்து பந்தைத் தட்டிவிடுவது, இன்றைய ஃபார்வர்டின் கோல்களில் பாதி இப்படித்தான் வருகிறது. சரளை மைதானத்தில் பாய்ந்து பாருங்கள், முட்டியில் தோல் மிஞ்சாது. தோல் பதனிடும் பெல்ட்டில் பிறந்தவன் என்பதற்காகத் தன் தோலையே கொடுக்க முடியுமா?

விதிகளும் மாறிவிட்டன. தொண்ணூறுகளில் ஆஃப்சைடு போனது. இப்போது 15 நிமிஷத்தில் நாலு குவார்ட்டர், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஃபார்வர்டு சில நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே வருவான், மறுபடி உள்ளே போவான். கோல் அடிப்பதற்கு முன்னால் அவனுடைய வேலை, எதிரணி டிஃபெண்டரைப் பந்தோடு நிம்மதியாக நிற்கவிடாமல் துரத்துவது. மாவட்ட மேட்ச் ஹீரோவுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அவனை முன்னால் நிற்கவைத்து, பந்தை அவனுக்குத் தள்ளி, கோல் எண்ணிக்கையைப் பேப்பரில் போடுகிறோம். பதினாறு வயதில் அவன் கற்றுக்கொண்டிருப்பது வேறொரு விளையாட்டு. அதன் பெயரும் ஹாக்கிதான் என்பது ஒரு விபத்து.

இரண்டு தீப்பெட்டி ஊர்கள்

"கோவில்பட்டில இருந்து வரலையா?" இதுதான் அடுத்து வரும் கேள்வி. வந்தார்கள். 2022 ஆசியக் கோப்பைக்குத் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேர் இந்திய அணிக்குப் போனார்கள். கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர் கார்த்தி. இருவரும் தயாரானது கோவில்பட்டியில். கார்த்தி ஃபார்வர்டு. ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். 2023இல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் மலேசியாவுக்கு எதிராகவும் ஒன்று.

அப்போது வந்த செய்திகளைத் தேடிப் பாருங்கள். எல்லாமே வறுமைக் கதை. தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி மகன், கூலிவீட்டுப் பிள்ளை, கண்ணீர், விடாமுயற்சி. நாமும் ஷேர் செய்தோம். இலக்கியம் படிக்கிற நமக்குக் கண்ணீர்க் கதை என்றால் விரல் தானாகவே போகும். அந்தக் கதைகளில் ஓரமாக ஒரு வரியில் வந்துபோன விஷயம்தான் உண்மையான செய்தி: கோவில்பட்டியில் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை என்று அகில இந்தியப் போட்டி ஒன்று வருஷா வருஷம் அங்கே நடந்து, பெரிய டிபார்ட்மென்ட் அணிகள் ஊருக்கே வந்து ஆடின. ஒரு சின்னப் பையன் சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு, இந்தியாவுக்கு ஆடியவன் எப்படி பந்தை வாங்குகிறான் என்று பத்தடி தூரத்தில் நின்று பார்க்கலாம்.

குடியாத்தமும் தீப்பெட்டி ஊர்தான். லுங்கி நெய்கிற ஊர், பீடி சுற்றுகிற ஊர். வறுமை வீரனை உண்டாக்கும் என்றால் இங்கே எத்தனை கார்த்தி வந்திருக்க வேண்டும்? அதே தீக்குச்சி, அதே கூலி, அதே அம்மா அப்பா. வித்தியாசம் ஒரு பச்சைக் கம்பளமும் ஒரு விடுதியும்.

குடியாத்தம் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தண்டவாளம் சென்னைக்குப் போகிறது. அங்கே எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். இன்னொரு பக்கம் பெங்களூருக்குப் போகிறது. அங்கே இந்திய அணி முகாம் நடக்கும் சாய் மையம். இந்திய ஹாக்கியின் இரண்டு முக்கியமான மைதானங்களுக்கு நடுவில், ஒரே ரயில் பாதையில் இருக்கிறது இந்த ஊர். ஆனால் ஸ்கூல் விட்டு நாலரை மணிக்குக் கிளம்பி எந்தப் பக்கம் போனாலும், பிராக்டிஸ் முடித்து இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியாது.

"தன்ராஜ் பிள்ளை வரலையா?"

இதுவும் வரும். உடைந்த ஸ்டிக்கில் ஆடி உலகப் புகழ் பெற்றவர். உண்மைதான். ஆனால் அவர் வளர்ந்தது புனே கட்கியில், அப்பா மைதானப் பராமரிப்பாளராக வேலை பார்த்த ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில். மைதானம் வாசலில் இருந்தது. அண்ணன் ரமேஷ் மும்பையில் ஆர்.சி.எஃப். அணிக்கு ஆடினார், தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். உடைந்த ஸ்டிக் மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது. அண்ணனும் மைதானமும் மறந்துபோகிறது.

நம்ம மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட், இரண்டு காமன்வெல்த்திலும் பளுதூக்குதலில் தங்கம். வேலூர்க்காரனுக்குத் தேசிய அளவில் திறமை கிடையாது என்று இதற்கப்புறமும் யாராவது சொல்வார்களா? பளுதூக்குதலுக்கு ஒரு ஷெட், ஒரு கம்பி, விஷயம் தெரிந்த ஒரு மாஸ்டர் போதும். அது இங்கே இருந்தது, வீரர்கள் வந்தார்கள். ஹாக்கிக்குத் தேவையானது இங்கே இல்லை, வரவில்லை. இவ்வளவுதான் ரகசியம்.

ஒடிசா இதைப் புரிந்துகொண்டது. திலீப் திர்கேயும் அமித் ரோஹிதாஸும் வந்த சுந்தர்கர் மாவட்டத்தில், 17 ஒன்றியங்களிலும் செயற்கைப் புல் மைதானம் என்று திட்டம் போட்டது. மாவட்டத்துக்கு ஒன்று என்பதோடு நிற்காமல், ஒன்றியத்துக்கு ஒன்று. நாம் 2025இல் சென்னையிலும் மதுரையிலும் 24 நாடுகளைக் கூப்பிட்டு ஜூனியர் உலகக் கோப்பை நடத்தினோம். நன்றாக நடத்தினோம், சந்தோஷம். கல்யாண மண்டபம் பிரமாதம். மாப்பிள்ளை எந்த ஊரிலிருந்து வருவான் என்று கேட்டால்தான் பதில் இல்லை.

பணம் இல்லையா?

"தண்ணிக்கே லாரி வர்ற ஊர்ல டர்ஃபா?" நியாயமான கேள்வி. பாலாற்றுப் படுகைக்காரர்களுக்குத் தண்ணீரின் விலை தெரியும். ஆனால் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய டர்ஃப் சர்வதேசப் போட்டிகளுக்கானது. மணல் போட்ட செயற்கைப் புல் என்று ஒரு வகை இருக்கிறது, அதற்குத் தண்ணீர் அநேகமாகத் தேவையே இல்லை. முழு மைதானம்கூட வேண்டாம். ஐவர் ஹாக்கி ஆடுகிற அளவுக்கு இருந்தாலே, பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பந்தை ஓடிக்கொண்டே வாங்கக் கற்றுத்தர முடியும்.

காசும் இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, வருஷத்துக்கு 5 கோடியோ அதற்கு மேலோ நிகர லாபம் பார்க்கும் நிறுவனம், சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி தருவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை, உலகம் முழுக்க ஷூ மாட்டிவிடுகிற பெல்ட் இது. ஊர்ப் பையன் காலுக்கு ஒரு சரியான தரை போடுவது தர்மம் ஆகாது. சட்டமே கைகாட்டிய செலவு. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பதினாறு வயது ஃபார்வர்டு என்ன ஆவான்? ரொம்ப அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயோ போலீஸோ. அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஹாக்கியால் மாசச் சம்பளம் வாங்கி வீட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் நிறைய. இல்லையென்றால் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை மண்ணில் மேட்ச். அவனுக்கு இப்போது லேட். அவன் தம்பிக்கு எட்டு வயது, அவனுக்கு இன்னும் லேட் ஆகவில்லை.

ஆகவே அடுத்த தடவை யாராவது "திறமை இருந்தா வந்துடுவான்" என்றால் தலையாட்டாதீர்கள். இங்கிருந்து பக்கத்து டர்ஃப் எத்தனை கிலோமீட்டர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.